சிற்றோவியங்களில் ஹோலி எங்கிருந்து வந்தது? அரண்மனை முற்றத்திலிருந்தா, பாட்டிலிருந்தா? (ஓர் உரையாடல் இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

காவிக்கல்

இந்தியச் சிற்றோவியத்தில் பண்டிகைக் காட்சி எப்போது நுழைந்தது என்று கேட்டால், எல்லோரும் ஒரே படத்தைக் காட்டுகிறார்கள். ஜஹாங்கீர் அந்தப்புரப் பெண்களோடு ஹோலி ஆடும் படம். டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில், மின்டோ தொகுப்பில் இருக்கிறது. முகலாய ஓவியர் கோவர்தனின் கைவண்ணம் என்று சொல்லப்படுவது. முகலாயர் தொடங்கினார்கள், ராஜபுத்திர அரசவைகள் பார்த்துப் படித்துக்கொண்டன, அவ்வளவுதான் கதை.

இந்த வரிசை எனக்கு ஒட்டவில்லை. ராகங்களைப் படமாக்கும் ராகமாலைத் தொகுதிகளில் ஊஞ்சலாட்டமும் வசந்த ஆட்டமும் வழக்கமான பக்கங்கள். தேதி உறுதியாகத் தெரிந்த ராகமாலைகளில் சுனார் தொகுதி 1591, மேவார் (உதய்பூர்) அரசின் சாவண்ட் தொகுதி 1605. அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்னால் 1451-இல் அகமதாபாத்தில் எழுதப்பட்ட வசந்த விலாசத் துணிச்சுருள் இருக்கிறது. இவற்றையெல்லாம் 'பருவக் காட்சி, பண்டிகை இல்லை' என்று ஒதுக்கிவிடுவது சரியா?

வசந்தமண்டபம்

ஒதுக்க முடியாது. ஆனால் அதை அப்படியே 'முதல் ஹோலிப் படம்' என்று தூக்கிவைக்கவும் முடியாது. வசந்த விலாசம் என்ன பொருள் என்பதைப் பார்த்தாலே புரியும். சுமார் 36 அடி நீளம், ஒரு சாண் அகலம். இப்போது வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில். மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே போனால் பழைய குஜராத்திப் பாட்டு, இடையிடையே சமஸ்கிருத, பிராகிருதச் செய்யுள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு படம். மொத்தம் 79 படங்கள். வசந்தம் வருகிறது, பிரிந்தவள் வாடுகிறாள், பிறகு கூடுகிறார்கள். இந்தப் பாட்டு வகைக்குப் பெயரே 'பாகு'. பால்குன மாதத்துப் பாட்டு என்று பொருள். சமணத் துறவிகள்கூட இந்த வகையில் எழுதியிருக்கிறார்கள், துறவை உயர்த்திச் சொல்வதற்காக.

அதாவது பண்டிகையின் மாதம் இருக்கிறது, மனநிலை இருக்கிறது. 'இந்த ஊரில், இந்த நாளில், இன்னார் ஆடினார்' என்பது இல்லை. பின்னாளில் வந்த எல்லா ஹோலிப் படத்துக்கும் அடிமண் இதுதான். பூத்த மரம், மாந்தளிர், தோட்டத்தில் ஆணும் பெண்ணும். ஓவியன் ஹோலியை வரையச் சொல்லிக் கேட்கப்பட்டபோது அவன் கையில் ஏற்கெனவே இருந்த சரக்கு இது.

இலக்கியத்தில் இன்னும் பின்னால் போகலாம். 7-ஆம் நூற்றாண்டில் ஹர்ஷர் பெயரில் வந்த ரத்னாவளி நாடகத்தின் முதல் அங்கத்திலேயே கௌசாம்பி நகரம் மதனோற்சவம் கொண்டாடுகிறது. வாசனைப் பொடி பறக்கிறது, பீச்சாங்குழலில் நீர் பாய்கிறது. நம்மூர்க் காமன் பண்டிகையும் இதே குடும்பம்தான், இங்கே எரிப்பு தங்கியது, வண்ணம் தங்கவில்லை. கல்லில் வேண்டுமானால் ஹம்பி மகாநவமி மேடையின் சிற்பப் பட்டைகளைப் பாருங்கள், பெண்கள் பீச்சாங்குழலோடு நிற்கிறார்கள். ஆக, சொல்லிலும் கல்லிலும் ஹோலி ஆட்டம் தாளுக்கு முன்பே வந்துவிட்டது.

குறுக்குக்கேள்வி

> பின்னாளில் வந்த எல்லா ஹோலிப் படத்துக்கும் அடிமண் இதுதான்.

எல்லாவற்றுக்கும்? கிருஷ்ணன் ஹோலி ஆடும் படங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவை பாகவதத்திலிருந்து வந்தவை. பாகவதத்துக்கும் குஜராத்திப் பாகுவுக்கும் என்ன சம்பந்தம்?

வசந்தமண்டபம்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாகவதத்தின் ராசலீலை நடப்பது வசந்தத்தில் இல்லை, சரத் காலத்தில். மல்லிகை மலர்ந்த இலையுதிர்கால நிலா இரவு. வசந்தத்தில் கிருஷ்ணனைக் கோபியரோடு ஆடவிட்டவர் ஜயதேவர், 12-ஆம் நூற்றாண்டு. கீதகோவிந்தத்தின் மூன்றாம் பாட்டே வசந்த வருணனை: லவங்கக் கொடி, மலயக் காற்று, குயில், 'இந்த வசந்தத்தில் ஹரி ஆடுகிறான்' என்று தோழி ராதைக்குச் சொல்கிறாள். கீதகோவிந்தத்தைப் படமாக்கிய ஒவ்வொரு பட்டறையும் இந்த இடத்தை வரைந்தே ஆகவேண்டும். மேவாரில் சாஹிப்தீன், இமாலய மலைநாட்டுக் குலேரில் 1730-இல் மானக்கு, பிறகு காங்க்ரா பாணியில் 1775-ஐ ஒட்டிய தொகுதி. வசந்தத்தில் கிருஷ்ணன், சுற்றிப் பெண்கள், கையில் மத்தளம். இதில் ஒரு பீச்சாங்குழலையும் ஒரு தட்டு குலாலையும் (சிவப்பு வண்ணப்பொடி) வைத்தால் ஹோலிப் படம் தயார். வைத்தவர்கள் பிரஜ் மொழிப் பாடகர்கள்.

பாகவதத்திலிருந்து நேராக வந்த பண்டிகை ஒன்று உண்டு, அது கோவர்தன பூஜை. இந்திரனுக்குப் படைப்பதை நிறுத்தி மலைக்குப் படைக்கச் சொல்லும் கதை பத்தாம் ஸ்கந்தத்திலேயே இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் அன்னகூடம் என்று சோறு மலையாகக் குவிக்கும் காட்சிக்கு வேர் அங்கே. ஆக ஒரே ஊற்று இல்லை. கோவர்தன பூஜை புராணத்திலிருந்து வந்தது. ஹோலி காவியத்திலிருந்து வந்தது. ஊஞ்சல் விழா ஹிண்டோல் ராகப் பக்கத்திலிருந்து வந்தது. கண்கௌர், அதாவது ராஜஸ்தான் பெண்களின் கௌரி விழா, எந்த ஏட்டிலிருந்தும் வரவில்லை, ஏரிக்கரையிலிருந்து நேராக வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

காவிக்கல்

பிரமாதம். அப்படியானால் கிருஷ்ண பக்தி மரபான வல்லப சம்பிரதாயத்தின் பங்கு?

வசந்தமண்டபம்

பெரிது, ஆனால் கொஞ்சம் பிந்தியது. அவர்களின் கிருஷ்ண மூர்த்தியான ஸ்ரீநாத்ஜி நாத்வாராவில் நிலைகொண்டது 1672-இல். அங்கே ஹோலி ஒரு நாள் கூத்து இல்லை. வசந்த பஞ்சமி தொடங்கி டோல் உற்சவம் வரை 40 நாள். மூர்த்திக்கு வெள்ளை உடுத்தி, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் குலால், அபீர், சோவா, சந்தனம் நான்கையும் தூவுவார்கள். பின்துணியே அன்றன்றைக்கு ஓவியமாகிவிடுகிறது. நாத்வாரா ஓவியர்கள் சின்ன அளவில் வரையும் உற்சவப் படங்களில் வெள்ளைப் பின்துணியில் சிவப்பும் மஞ்சளும் புள்ளி புள்ளியாக இருந்தால், அது சாயம் உதிர்ந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டுமென்றே வைத்தது.

குறுக்குக்கேள்வி

சரி, பாட்டுக்கு உரியதைப் பாட்டுக்குக் கொடுத்தாயிற்று. முகலாயருக்கு ஒன்றுமே மிச்சம் இல்லையா? ஒரு குறிப்பிட்ட நாளை, குறிப்பிட்ட முகங்களோடு வரைய வேண்டும் என்ற எண்ணமே அங்கேதானே வலுப்பட்டது.

1607-இல் காபூலில் இளவரசர் குர்ரமை (பின்னாளின் ஷாஜகான்) எடைக்கு எடை பொருள் வைத்து நிறுத்த நிகழ்ச்சி, பிரிட்டிஷ் மியூசியப் படம். தராசைத் தள்ளிவைத்துவிட்டு முன்னால் தரையில் இருக்கும் தட்டுகளைப் பாருங்கள்: துணி, நகை, கத்தி. பின்சுவர் மாடங்களில் பீங்கான். ஒவ்வொன்றும் கணக்கெடுத்தது போல இருக்கும். ஷாஜகான் ஆட்சி வரலாற்று ஏடான விண்ட்சர் பாத்ஷாநாமாவில் 1632 அக்டோபரில் ஷாஜகானின் 42-ஆவது சந்திரப் பிறந்தநாள் எடை. யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்பது வரை கறார். இது பண்டிகை ஓவியம் இல்லையா?

ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பில் நவ்ரோஸ் என்ற பாரசீகப் புத்தாண்டு வருஷா வருஷம் வருகிறது. நான்கு வருணத்துக்கும் ஒவ்வொரு பண்டிகையாக ராக்கி, தசரா, தீபாவளி, ஹோலி என்று எழுதிவைத்திருக்கிறார். பன்னீர் தெளிக்கும் ஆப்பாஷி விழாவைக் கோவர்தன் வரைந்தது ராம்பூர் ரஸா நூலகத்தில் இருக்கிறது. அது பாரசீக வழக்கம், ஹோலி அல்ல. அந்தப் படத்தையும் ஹோலி என்று பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் பன்னீர்ச் செம்பு, வண்ணப்பொடி கிடையாது.

வசந்தமண்டபம்

இதில் உங்களோடு சண்டை இல்லை. பாட்டு கொடுத்தது காட்சியின் அமைப்பு. முகலாயம் கொடுத்தது நாட்குறிப்பு. இரண்டும் சந்தித்த இடம் எது என்பதுதான் சுவாரசியமான கேள்வி. என் பதில் உதய்பூர், ராணா இரண்டாம் அமர் சிங் (1698–1710).

மெல்போர்ன் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் அவர் சர்வருது விலாஸ் தோட்டத்தில் சர்தார்களோடு ஹோலி ஆடும் படம் இருக்கிறது, 1708–10 வாக்கில் வரைந்தது. தோட்டம் அடையாளம் காணக்கூடிய தோட்டம், ஆட்கள் அடையாளம் காணக்கூடிய ஆட்கள். ஆனால் வெள்ளை அங்கியும், சிதறிய செம்மஞ்சளும், மரங்களின் வரிசையும் வசந்தப் பாட்டின் உலகம். ராதை இல்லாத பிருந்தாவனம் என்று சொல்லலாம். அவருக்குப் பின் இரண்டாம் சங்ராம் சிங், இரண்டாம் ஜகத் சிங் காலத்தில் இது பெரிய அளவுத் தாளுக்குப் போய்விட்டது. மடியில் வைத்துப் பார்க்கும் படம் போய், இரண்டு பேர் பிடித்துக் காட்டவேண்டிய படம்.

குறுக்குக்கேள்வி

அதாவது ஔரங்கசீப் விரட்டிய ஓவியர்கள் உதய்பூருக்கு ஓடிவந்தார்கள் என்ற பழைய பாட்டா?

வசந்தமண்டபம்

இல்லவே இல்லை. ஔரங்கசீப் நவ்ரோஸ் கொண்டாட்டத்தை நிறுத்தினார், அரசவை ஓவியத்துக்கு ஆதரவு சுருங்கியது, அதெல்லாம் உண்மை. ஆனால் மேவாருக்கு ஓவியர்களை டெல்லி அனுப்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1605-இல் நஸீருத்தீன், 1628-இல் சாஹிப்தீன் என்று சொந்தப் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. டெல்லியிலும் பண்டிகைப் படம் செத்துவிடவில்லை: முகமது ஷா ஹோலி ஆடுவதை பூபால் சிங் வரைந்தது 1737 வாக்கில், ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. தேதியைப் பாருங்கள். அமர் சிங் படத்துக்குப் பிறகு.

பழைய பஞ்சாங்கம்

தேதி என்று வந்துவிட்டதால் ஒரு இடையீடு. மேவார்ப் படங்களின் பின்புறத்தில் கறுப்பு மையில் தேவநாகரிக் குறிப்பு இருக்கும். ராணா பெயர், இடம், சில சமயம் ஓவியர் பெயர், விலை மதிப்பு, ஜோத்தான் என்ற அரண்மனைச் சேமிப்பறையின் எண். அங்கே வருஷம் விக்கிரம சம்வத்தில். அதைக் கி.பி. ஆண்டாக்க '57-ஐக் கழி' என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பவர்கள் பண்டிகைப் படங்களில் மட்டும் தவறாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஏனென்றால் பண்டிகைகள் வருஷம் மாறும் இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

வடக்கே பொதுவாக ஆண்டு சைத்ர வளர்பிறை முதல் நாள் பிறக்கிறது. மாதமோ பௌர்ணமியோடு முடிகிறது. ஆகவே ஹோலி (பால்குன பௌர்ணமி) பழைய ஆண்டின் கடைசியில். மறுநாள் வண்ணம் வீசும் நாளுக்குக் குறிப்பு 'சைத் வதி 1' என்று இருக்கும். சைத்ரம் என்று பார்த்தவுடன் புத்தாண்டு என்று எண்ணக்கூடாது, தேய்பிறை சைத்ரம் இன்னும் பழைய ஆண்டுதான். இரண்டுக்கும் 56 கழிக்க வேண்டும்.

கண்கௌர் 'சைத் சுதி 3', வளர்பிறை சைத்ரம். அது புத்தாண்டின் மூன்றாம் நாள். எனவே 57. இதுவரை சரி. ஆனால் மேவார் அரசுக் கணக்கில் ஆண்டு பிறப்பது சிராவணத்தில். அங்கே சைத் சுதி 3 இன்னும் பழைய ஆண்டுக்குள், ஆகவே 56.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கண்கௌர்ப் படகுப் படம் ஒன்றின் பின்னால் 'சம்வத் 1808 சைத் சுதி 3' என்று இருப்பதாக வையுங்கள். பொதுக் கணக்கில் 1751, மேவார்க் கணக்கில் 1752. ஒரு வருஷம்தானே என்று விட்டுவிட முடியாது. இரண்டாம் ஜகத் சிங் இறந்தது 1751-இன் நடுவில். முதல் கணக்கில் படகில் இருப்பவர் ஜகத் சிங். இரண்டாவதில் அவர் மகன் இரண்டாம் பிரதாப் சிங். ஒரு தவறான கழித்தல் அப்பாவை மகன் இடத்தில் உட்காரவைத்துவிடும். ஆகவே குறிப்பு எழுதியது அரண்மனைக் கணக்கரா வெளி வணிகரா என்பதை முதலில் பாருங்கள், முகத்தைப் பிறகு ஒப்பிடுங்கள்.

காவிக்கல்

இதைத் தனி இழையாக ஒட்டிவைக்கலாம். கண்கௌர் பற்றி இன்னும் சொல்லுங்கள். 'பூந்தி, கண்கௌர் ஊர்வலம், 19-ஆம் நூற்றாண்டு' என்ற தலைப்பில் படங்கள் சுற்றுகின்றன.

பழைய பஞ்சாங்கம்

அந்தத் தலைப்பைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். 1706-இல் பூந்தி ராவ் புத் சிங்கின் தம்பி ஜோத் சிங், கண்கௌர் சிலையோடு ஜைத் சாகர் ஏரியில் படகு கவிழ்ந்து மூழ்கினார். அதன்பின் பூந்தி அரச குடும்பம் கண்கௌரை விட்டுவிட்டது. 'ஹாடா (பூந்தி அரச குலத்தான்) கண்கௌரையும் கூட்டிக்கொண்டு முங்கினான்' என்று பழமொழியே உண்டு. அங்கே பெருவிழா கஜ்லி தீஜ் என்ற கார்கால விழா. ஆகவே 1706-க்குப் பிந்திய பாணியில் பூந்தி அரசர் தலைமையில் கண்கௌர் ஊர்வலம் என்று யாராவது சொன்னால், ஒன்று அது பக்கத்து அரசான கோட்டா அல்லது உதய்பூர், அல்லது விழாவின் பெயர் தப்பு. கோட்டா பாணியும் பூந்தி பாணியும் ஒரே வீட்டுப் பங்காளிகள், குழம்புவது எளிது.

சிலையைப் பாருங்கள். தீஜ் ஊர்வலத்தில் பெண் தெய்வம் தனியே வரும். கண்கௌரில் பெரும்பாலும் ஈசரும் கௌரியும் இணை, மரச்சிலைகள், பெண்களின் தலைமேல். காலமும் உதவும்: கண்கௌர் வெயில் தொடங்கும் பருவம், தீஜ் கார்காலம். வானத்தில் கருமேகம், கொக்கு வரிசை, தங்கக் கோடாக மின்னல் என்றால் தீஜ்.

வஸ்லி

நான் கைவேலைப் பக்கத்திலிருந்து. எல்லாம் பேசியாயிற்று, குலால் மேகத்தை எப்படி வரைகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பண்டிகைப் படத்தில் கடினமான வேலை அதுதான், பழுதாவதும் முதலில் அதுதான்.

அடித்தாள் வஸ்லி. மூன்று நான்கு தாளைக் கோதுமைப் பசையில் ஒட்டுவது. பசையில் துளி மயில்துத்தம், பூச்சி அண்டாமலிருக்க. காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்து மெருகு. காவிக்கல்லில் வரைவு, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதன் வழியே மங்கலாகத் தெரியும் கோட்டை மறுபடி கறுப்பில் திருத்துவது. பிறகு வண்ணம் நிரப்பி, தாளைக் கவிழ்த்துப் பின்புறமாக மெருகு. இதுவரை எந்தப் படத்துக்கும் பொது.

ஹோலிக்கு மாறுவது இங்கே. ஆட்களை முழுவதும் முடித்துவிட வேண்டும், கண் இமை வரை. குலால் கடைசி அடுக்கு. மூன்று விதமாக வரும். ஒன்று, மேகம்: முக்கால்வாசி உலர்ந்த தூரிகையால் நுனிப்புள்ளியாகக் குத்திக்குத்தி, நடுவில் அடர்ந்து ஓரத்தில் கரைவது, பர்தாஸ் என்பார்கள். இரண்டு, தெறிப்பு: விறைப்பான தூரிகையில் நீர்த்த வண்ணத்தைத் தோய்த்து ஒரு குச்சியில் தட்டுவது. முகங்களின்மேல் தாள் வெட்டி மூடிவிட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் ராணாவுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். மூன்று, பீச்சாங்குழல் தாரை: நீளமான அணில்வால் முடித் தூரிகையால் ஒரே இழுப்பு. பாதியில் கை நின்றால் அது தாரை இல்லை, கயிறு.

பிசின் அளவில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். கருவேலம் பிசின் ஒரு பங்கு, நீர் இரண்டு மூன்று பங்கு, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டியது கையிருப்பு. அதை வண்ணத்தில் துளித்துளியாகச் சேர்த்து, ஓரத்தாளில் பூசிக் காயவிட்டு விரலால் தேய்க்க வேண்டும். வண்ணம் விரலில் வந்தால் பிசின் குறைவு. வளைத்தால் பளபளத்து விரிந்தால் அதிகம். தெறிப்புக்கு வண்ணத்தை நீர்க்கச் செய்யும்போது பிசினும் சேர்ந்து நீர்த்துப்போகிறது. பழைய ஹோலிப் படங்களில் ஆட்கள் நன்றாக இருந்து, தெறித்த புள்ளிகள் மட்டும் உதிர்ந்திருப்பது இதனால். அதைக் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடாமல் சட்டமிட்டால் மிச்சமும் கண்ணாடியோடு போய்விடும்.

அரிதாரம்

வஸ்லி சொன்னதோடு வண்ணங்கள். சிவப்பு சாதிலிங்கமா, ஈயச் செந்தூரமா, அரக்கா என்று பாருங்கள். செந்தூரமும் ஈய வெள்ளையும் காற்றுப்பட்டுக் கறுக்கும். வெள்ளை அங்கியில் சாம்பல் திட்டு தெரிந்தால் அது வீசிய வண்ணமாக இல்லாமல் கறுத்த ஈய வெள்ளையாகவும் இருக்கலாம். மஞ்சள் அரிதாரத்தில் கந்தகம் உண்டு. ஈயத்தின்மேலோ செம்புப் பச்சையின்மேலோ தெறித்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அதனால்தான் பச்சைக்கு அவுரியும் அரிதாரமும் கலந்த கலவையைப் பாதுகாப்பாகக் கருதினார்கள். செம்புக் களிம்பில் எடுத்த பச்சை தாளையே எரித்துவிடும். பச்சைப் புல்வெளியின் பின்புறம் பழுப்பேறி விரிந்திருந்தால் ஈரம் படவிடாதீர்கள், ஈரம் அதை வேகப்படுத்தும்.

போலியைப் பிடிக்கவும் இது உதவும். சாதாரண அந்தப்புரக் காட்சியில் பின்னால் வண்ணம் தெறித்து 'ஹோலி' ஆக்கினால் விலை ஏறும். தெறிப்பு ஓரக்கட்டத்தின்மேல் ஏறியிருக்கிறதா, பழைய விரிசலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். விரிசலுக்குள் வண்ணம் இறங்கியிருந்தால் விரிசல் முந்தியது. ரோஜாச் சிவப்பு அனிலின் சாயம் என்று சோதனையில் தெரிந்தால் அந்த அடுக்கு 1856-க்கு முன்னால் இருக்க முடியாது. செயற்கை அல்ட்ராமரின் என்றால் 1828-க்கு முன்னால் இல்லை. துத்தநாக வெள்ளையை மட்டும் வைத்துக் காலத்தைத் தீர்த்துவிடாதீர்கள். உதய்பூருக்கு அருகே ஜாவரில் நூற்றாண்டுகளாகத் துத்தநாகம் உருக்கிய நாடு இது.

குறுக்குக்கேள்வி

நல்லது. தட்டில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கின்றனவே, விவரக்குறிப்பில் 'இனிப்பு' என்று போடுகிறார்களே, அது?

வஸ்லி

லட்டாகவும் இருக்கலாம். ஆனால் ஆட்டத்தின் நடுவில், யாராவது ஒன்றைக் கையில் ஓங்கியிருந்தால் அது குலால் கோட்டா. அரக்கை ஊதி மெல்லிய ஓட்டு உருண்டையாக்கி உள்ளே குலாலை நிரப்பி அடைத்தது. பட்டவுடன் உடையும், காயம் ஆகாது. ஜெய்ப்பூரில் இன்றும் வளையல் செய்யும் மணிஹார் குடும்பங்கள் செய்கின்றன. லட்டுத் தட்டு உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருக்கும், கோட்டாத் தட்டு நிற்பவர் கையில் இருக்கும்.

காவிக்கல்

பாரமாசா என்ற பன்னிரு மாதப் பாட்டு, படம் பற்றி ஒருவரும் தொடவில்லை.

வசந்தமண்டபம்

சுருக்கமாக. ஓர்ச்சா அரசவைக் கவிஞர் கேசவதாஸ் 1601-இல் எழுதிய கவிப்ரியாவில் பன்னிரண்டு மாதப் பாட்டு வருகிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் காட்டி நாயகி 'இந்த மாதம் போகாதே' என்கிறாள். பால்குனத்தில் காரணம் ஹோலி, எல்லோரும் வெட்கத்தை விட்டுவிடும் மாதம். பூந்தியிலும் மலைநாட்டுப் பட்டறைகளிலும் 18-ஆம் நூற்றாண்டில் இதை வரைந்து தள்ளினார்கள். இதன் முக்கியத்துவம் அமைப்பில். மேல்மாடத்தில் பேசும் இருவர் கதை, கீழே தெருவில் பண்டிகை. தெருவில் தடியோடு துரத்தும் பெண்கள், டஃப் பறை அடிப்பவன், வண்ணம் அப்பிக்கொண்ட கிழவன். இந்தக் கீழ்ப்பாதிதான் சாதாரண ஜனங்களின் ஹோலி நமக்குக் கிடைக்கும் இடம். மன்னர் படங்களில் கிடைக்காது.

வசந்த ராகினிப் பக்கத்தை ஹோலி என்று தலைப்பிடுவதற்கும் ஒரு தடுப்பு: கிருஷ்ணன் வீணையோ தளிர் வைத்த குடமோ ஏந்தி ஒரு காலைத் தூக்கி ஆடுகிறானா, இருபுறமும் பெண்கள் மத்தளமும் தாளமுமா, மேலே ராகத்தின் பெயர் எழுதியிருக்கிறதா? அப்படியானால் அது ராகமாலைப் பக்கம். ஹோலியில் வண்ணம் இரு தரப்பிலிருந்தும் பறக்கும், எதிரெதிர் அணி இருக்கும்.

காவிக்கல்

கடைசியாக ஒன்று. மாடத்தில் பெண்கள் மத்தாப்புக் கொளுத்தும் இரவுக் காட்சி, 18-ஆம் நூற்றாண்டு. தலைப்பு எப்போதும் 'தீபாவளி'. எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பழைய பஞ்சாங்கம்

பழக்கத்தை வைத்து. தீபாவளி அமாவாசை. வானத்தில் நிலா இருந்தால் அந்தத் தலைப்பு அங்கேயே விழுந்துவிடும். முழு நிலாவும் வாணமும் சேர்ந்து வந்தால் ஷாபே பராத் என்ற இஸ்லாமியப் புனித இரவை யோசிக்க வேண்டும், ஷாபான் மாதம் 14-க்கும் 15-க்கும் இடைப்பட்ட இரவு, நிலா நிறைந்திருக்கும். முழு நிலா, வாணம் இல்லை, எல்லோரும் வெள்ளை உடை என்றால் சரத் பூர்ணிமா.

அரிதாரம்

'நிலா இல்லை' என்று முடிவு கட்டுமுன் ஒரு வேலை. நிலாவை வெள்ளிப்பொடியில் வரைவார்கள். வெள்ளி கறுத்துவிடும், கறுத்தபின் இரவு வானத்தின் கருநீலத்தில் கரைந்துவிடும். கணினித் திரையில் பார்த்தால் வெறும் இருட்டு. தாளைக் கையில் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேல் மூலையில் சுற்றியுள்ள நீலத்தைவிடக் கொஞ்சம் மினுங்கும் வட்டம் தெரியும், மெருகுக் கல் பட்ட உலோகம் அப்படித்தான் ஒளியைத் திருப்பும். ஏரி நீர் கறுப்பாகத் தெரிவதற்கும் இதே காரணம்தான். வட்டம் கிடைத்தால் தலைப்பை மாற்றுங்கள்.